கேட்டுலகக் கதைகளில் யான் விரும்பும் இளம் பாத்திரங்கள்

தான் வாழும் நாட்டிலே குறை கண்டபோதெல்லாம் குறையற்ற வேறொரு நாட்டை மனத்தாற் படைத்துப் பார்ப்பது மனிதனுக்கு இயல்பு. கம்பர் தம் காப்பியத் தொடக்கத்திற் கோசல நாட்டை அங்ஙனமே படைத்தார். மேலைநாட்டிலே தோமஸ் மோர் என்பார், 1516ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட ‘யூற்றோப்பியா’ என்னும் நூலில் ஒரு தீவை அவ்வாறு படைத்தார். அப்பெயருக்குக் கிரேக்கச் சொல்வழியே ‘இல்லாத இடம்’ என்பது பொருள். நல்லுலகை எண்ணிய மனமே அதற்கு மறுதலையான கொடிய உலகையும் பின்னர் எண்ணத் தலைப்பட்டது. 1868ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்திற் பேசிய ஜோன் ஸ்ருவேட் மில், அரசாங்கத்தாரை நல்லுலகக் கனவினர் என்பது மிகையான புகழ்ச்சியாகும் என்று கூறி, அதற்கு எதிர்மறையான ஒரு சொல்லால் அவர்களைச் சுட்டினார். அச்சொல்லே இன்று ஓர் இலக்கிய வகையின் பெயராக வழங்குகின்றது. கேடு நிறைந்த உலகு என்னும் பொருள்பட அதனை யான் ஈண்டுக் ‘கேட்டுலகு’ எனக் குறிப்பேன்.

இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும், அவற்றை ஒட்டி எழுந்த சர்வாதிகார ஆட்சிகளும் இவ்வகை இலக்கியத்துக்கு உரமாயின. உருசியாவிலே சமியாத்தின், இங்கிலாந்திலே ஒல்டஸ் ஹக்ஸ்லி, ஜோர்ஜ் ஓர்வெல், அமெரிக்காவிலே றே பிராட்பரி ஆகியோர் இதனை வளர்த்தனர். ஹக்ஸ்லியின் நவீனம் 1932இலும், ஓர்வெல்லின் நவீனம் 1949இலும், பிராட்பரியின் நவீனம் 1953இலும் வெளிவந்தன. இவை முதியோரை நோக்கி எழுதப்பட்டவை. இவற்றின் தலைவர்களும் பெரும்பாலும் முதிர்ந்தவர்களே. தோல்வியே இவர்களுள் பலருக்கும் முடிவாயிற்று.

பிற்காலத்திலே இம்மரபிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களையே தலைமக்களாகக் கொண்டு, அவ்வயதினர் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நவீனங்கள் தோன்றின. லொயிஸ் லௌரி 1993இல் எழுதிய ‘தருபவர்’ என்னும் நவீனம் இவற்றுள் முதன்மையானது. சூசன் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘பசி விளையாட்டுக்கள்’ என்னும் நவீனத்தின் பின்னர் இவ்வகை உலகெங்கும் பரவிற்று. எம் மாணவரிற் பலர் நூலைக் கண்ணாற் காணுமுன்னரே திரைப்படத்தின் வாயிலாக இப்பாத்திரங்களை அறிந்துவிட்டனர். ஆகவே, இவற்றை ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றேன்.

இக்கதைகளில் இளையோர் ஏன் தலைமை பெறுகின்றனர்? பழகிய கண்ணுக்கு அநீதி தெரிவதில்லை. ஒரு சமுதாயத்துக்குள் புதிதாகக் காலடி எடுத்து வைப்பவனுக்கே அதன் விதிகள் விசித்திரமாகத் தோன்றும். அன்றியும், சமுதாயம் தன் பிள்ளைகளைத் தரம்பிரித்து, இன்னார் இன்ன இடத்துக்குரியார் என்று விதிக்கும் பருவமும் அதுவே. லௌரியின் கதையிற் பன்னிரண்டாம் வயதிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்நாள் முழுவதற்குமான தொழிலைப் பெரியோர் சபை அறிவிக்கின்றது. வெறோனிக்கா றொத் 2011இல் எழுதிய மற்றொரு கதையிற் பதினாறாம் வயதிலே ஒரு சோதனை பிள்ளையின் குழுவைச் சுட்டுகின்றது. ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசிற் பரீட்சைக்கும், பின்னர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக்கும் தலைவணங்கி வளரும் எம் பிள்ளைகளுக்கு இவ்விதிகளை விளக்கவேண்டிய தேவையில்லை. வகுப்பிலே இக்கதையைச் சொன்னால், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதிலிருந்தே அது விளங்கும்.

இனி, யான் விரும்பும் பாத்திரங்களுக்கு வருவேன். அவற்றைக் கூறுமுன் எம் மரபிலிருந்து ஒருவனை முன்னிறுத்தல் தகும். கேட்டுலகம் மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவோர் கம்பரின் இரணியன் வதைப் படலத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். மூவுலகமும் ஒருவன் பெயரையே ஓதவேண்டும் என்று விதித்த ஆட்சி இரணியனுடையது. வேள்வியின் பயனும் வழிபாட்டின் பயனும் அவனையே சார்ந்தன. கல்வியின் முதற் சொல்லும் அவன் பெயராகவே இருந்தது. அவ்வாட்சியின் முதல் எதிரி ஒரு படைத்தலைவன் அல்லன். எழுத்தறியச் சென்ற ஒரு சிறுவன். பிரகலாதன் வாளெடுக்கவில்லை, சொல்லச் சொன்ன பெயரைச் சொல்ல மறுத்தான். அவ்வளவே. நஞ்சும் நெருப்பும் யானையும் அதன் பின்னரே வந்தன.

ஆசிரியனாகிய என் நெஞ்சில் அப்படலத்திலே நிலைத்து நிற்பவன் பிரகலாதன் மட்டும் அல்லன். அவனுக்குக் கற்பிக்க அமர்ந்த ஆசானும் நிற்கின்றான். பிள்ளையின் விடையைக் கேட்டு அவன் அஞ்சுகின்றான். தன்னையும் கெடுத்தாய், உன்னையும் கெடுத்தாய் என்று நடுங்குகின்றான். முடிவில் அரசனிடம் சென்று முறையிடுகின்றான். அவன் கொடியவன் அல்லன்; அஞ்சியவன். கொடுங்கோல் ஆட்சி கொடியவரால் மட்டும் நடப்பதில்லை, அஞ்சியவராலும் நடக்கின்றது என்னும் உண்மையைக் கம்பர் அவ்வாசானை வைத்துக் காட்டிவிட்டார். திருவள்ளுவர் கொடுங்கோன்மையை ஓரதிகாரத்திற் கூறி, அதனை அடுத்தே குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையை வெருவந்த செய்யாமை எனத் தனியோர் அதிகாரமாக வைத்ததும் ஈண்டு நினைத்தற்குரியது. பின்வரும் பாத்திரங்கள் யாவரும், காலமும் நாடும் வேறாயினும், பிரகலாதனின் உறவினரே எனலாம்.

முதலாவது பாத்திரம் லௌரியின் ஜோனாஸ். இவன் வாழும் ஊரிலே பசியில்லை, போரில்லை, பொய்யில்லை. மலையும் வெயிலும் பனியும் நிறமும் இசையும்கூட இல்லை. துன்பம் வாராதிருக்கும்பொருட்டு எல்லாம் ஒரேதன்மையாக்கப்பட்டுவிட்டன. முற்காலத்து நினைவுகள் அனைத்தையும் ஒரேயொரு முதியவர் சுமக்கின்றார். ஊரார் எவரும் அறியாத இடர் நேருங்கால் அவரிடமே ஆலோசனை கேட்பர். பன்னிரண்டு வயதெய்திய ஜோனாஸ் அவருக்கு அடுத்த சுமைதாங்கியாகத் தெரிவுசெய்யப்படுகின்றான். முதியவர் அவன் முதுகிலே கைவைத்து நினைவுகளை ஒவ்வொன்றாகத் தருகின்றார். முதலிற் பனிச்சறுக்கின் இன்பம், பின்னர் வெயிற் சூடு, அதன்பின் எலும்பு முறிந்த நோவு, பசி, ஈற்றிலே போர்க்களத்திற் கிடந்து நீர் கேட்கும் ஓர் இளைஞனின் முகம் என்று அவை தொடர்கின்றன.

தன் தந்தை குழந்தைகளைப் பேணும் இனியவர் என்றே ஜோனாஸ் அறிந்திருந்தான். ஊரார் ‘விடுவித்தல்’ என்று மெல்லிய சொல்லாற் கூறுவது கொலையே என்பதையும், இரட்டையருள் எடை குறைந்த சிசுவுக்குத் தந்தையே ஊசியால் அதனைச் செய்கின்றார் என்பதையும் அவன் காண்கின்றான். தந்தைக்கு அது கொலை என்று தெரியாது. சொல்லின் பொருள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சொல்லை மாற்றினாற் செயலின் நிறமும் மாறும் என்னும் இத்தந்திரத்தை அறியாத ஆட்சி எதுவுமில்லை. மொழியாசிரியர் தம் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க இலக்கணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஜோனாஸ் ஆட்சியைக் கவிழ்க்க முயலவில்லை. அடுத்து ‘விடுவிக்க’ இருந்த கபிரியேல் என்னும் குழந்தையைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவிலே ஊரை நீங்குகின்றான். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மழையிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்ததை அறிந்தவர்களுக்கு, முன்னே குழந்தையும் பின்னே மூட்டையுமாக உருளும் துவிச்சக்கர வண்டி வெறுங் கற்பனையன்று. அவ்வண்டிகளை மிதித்தவர்களிற் பலர் ஜோனாஸின் வயதினரே.

இக்கதையில் வரும் முதியவரை யான் ஜோனாஸுக்கு இணையாக விரும்புகின்றேன். இவர் முன்பு தம் மகளுக்கே நினைவுகளைக் கொடுத்தார். ஐந்து கிழமைகளில் அவள் சுமக்க மாட்டாது தன்னை ‘விடுவிக்கும்படி’ கேட்டுக்கொண்டாள். அத்துயரத்தின் பின்னரும் இவர் ஜோனாஸுக்குக் கொடுக்கத் துணிகின்றார். ஆயினும் முதலிற் பனியையும் வெயிலையும் கொடுத்துப் பின்னரே போரைக் கொடுக்கின்றார். இவ்வரிசை முறையிலேதான் ஆசிரியர்க்குரிய பாடம் உளது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டாவது பாத்திரம் கொலின்ஸ் படைத்த கற்னிஸ் எவடீன் என்னும் பதினாறு வயதுப் பெண். தலைநகரம் ஒன்று பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி ஆளுகின்றது. முன்னர் எழுந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆண்பிள்ளையும் ஒரு பெண்பிள்ளையும் சீட்டெடுத்துத் தெரியப்பட்டு, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லும்படி விடப்படுகின்றனர். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியிற் பார்க்கவேண்டும் என்பது விதி. உணவும் களியாட்டும் கொடுத்து மக்களை மயக்குதல் பற்றிய பழைய உரோமச் சொற்றொடரிலிருந்தே அந்நாட்டின் பெயர் எடுக்கப்பட்டது.

இக்கதையின் நுட்பம் சீட்டின் கணக்கிலே உள்ளது. ஏழைப் பிள்ளை ஓராண்டுக்குரிய சிறிதளவு தானியமும் எண்ணெயும் பெறவேண்டுமாயின், தன் பெயரை இன்னொரு முறை சீட்டுப் பெட்டியில் இடல் வேண்டும். குடும்பத்தவர் ஒவ்வொருவருக்காகவும் அவ்வாறு இடலாம். ஆண்டுக்கு ஆண்டு அவை கூடிக்கொண்டே போகும். கற்னிஸின் பெயர் இருபது முறையும், அவளுடைய நண்பன் கேலின் பெயர் நாற்பத்திரண்டு முறையும் பெட்டியிற் கிடக்கின்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இக்கட்டாயம் இல்லை. சீட்டு எல்லார்க்கும் பொது என்று சொல்லப்படினும், பசியே பெயர்களை எழுதுகின்றது. கூப்பன் அட்டையோடு சங்கக்கடை வாயிலில் வரிசையில் நின்ற தலைமுறையினர் இக்கணக்கை ஒரு வாசிப்பிலேயே விளங்கிக்கொள்வர். போர்க்காலத்திலே ‘வீட்டுக்கு ஒருவர்’ என்னும் சொற்றொடர் எத்துணைக் கனமுடையது என்பதை வன்னிப் பெற்றோரும் அறிவர். எக்கொடியின் கீழாயினும், பிள்ளையின் பெயர் அழைக்கப்படும்போது தாயின் வயிறு ஒன்றே.

சீட்டிலே தன் பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர் வந்தபோது கற்னிஸ் அவளுக்கு மாற்றாகத் தான் முன்வருகின்றாள். அன்பினால் தொடங்கிய அச்செயலே பின்னர் அரசியலாகின்றது. களத்திலே வேற்று மாவட்டத்துச் சிறுமியாகிய ரூ இறந்தபோது, கற்னிஸ் அவ்வுடலை மலர்களாற் போர்த்துகின்றாள். எதிரியாக நிறுத்தப்பட்டவளைத் தங்கையாக எண்ணி இறுதிக் கடன் செய்த அவ்விடமே இந்நவீனத்தின் உச்சம் என்பது என் கருத்து. ரூவின் மாவட்டத்து ஏழை மக்கள் நன்றியாக ஓர் அப்பத்தை அனுப்புகின்றனர். இறந்தவரை மலரிட்டு அனுப்பும் உரிமையை ஆட்சியாளர் ஏன் அஞ்சுகின்றனர் என்பதை இதனினும் தெளிவாக விளக்கிய இளையோர் நவீனத்தை யான் கண்டதில்லை.

மூன்றாம் பாகத்தின் முடிவு பலரை மனங்கலங்கச் செய்தது. கிளர்ச்சி வென்றது, பழைய ஆட்சியாளர் சிறைப்பட்டார். கிளர்ச்சியின் தலைவியோ, பழைய தலைநகரத்தாரின் பிள்ளைகளைக் கொண்டு இன்னும் ஒருமுறை அவ்விளையாட்டை நடத்தலாம் என்கின்றாள். எவருக்காகக் கற்னிஸ் களம் புகுந்தாளோ அத்தங்கையும் தம் பக்கத்தார் வீசியதாக ஐயுறப்படும் குண்டுக்கு இரையாகிவிட்டாள். பழைய ஆட்சியாளரைக் கொல்லும்படி வில்லைக் கையிற் கொடுத்தபோது, கற்னிஸின் அம்பு புதிய தலைவியின்மேற் பாய்கின்றது. பகைவனின் கொடுமையைக் காண்பது எளிது. நம்மவர் எனப்படுவோர் அதே கருவியை எடுக்குமிடத்து அதனைக் கொடுமை என்று சொல்லும் துணிவே அரிது. இந்தப் பெண்ணை யான் விரும்புவது அவளுடைய வில்லாண்மைக்காக அன்று, இத்தெளிவுக்காகவே.

இப்பாத்திரம் ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. 2014ஆம் ஆண்டிலே தாய்லாந்தில் இராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியபோது, இக்கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை மாணவர் தெருவிலே காட்டினர். அதற்காகச் சிலர் தடுத்து வைக்கப்பட்டனர். 2021இல் மியன்மாரிலும் அவ்வணக்கம் எழுந்தது. கற்பனை விரல்களுக்கு உண்மை அரசுகள் அஞ்சிய வரலாறு அது.

மூன்றாவது பாத்திரம் பிராட்பரியின் கிளரிஸ். இந்நவீனம் இளையோர்க்கென எழுதப்படவில்லையாயினும், பல நாடுகளிற் பாடசாலை மாணவரே இதனை மிகுதியும் படிக்கின்றனர். ஆதலின் இவளையும் இப்பந்தியில் இருத்துகின்றேன். நெருப்பை அணைக்கவேண்டிய தீயணைப்புப் படையினர் நூல்களைக் கொளுத்தும் நாட்டிலே, பதினேழு வயதுக் கிளரிஸ் மழையை அண்ணாந்து சுவைக்கின்றாள். அயல்வீட்டுத் தீப்படையாளனாகிய மொன்ராக்கை நோக்கி, நீர் மகிழ்ச்சியாக இருக்கின்றீரா என்று வினவுகின்றாள். கதையின் முற்பகுதியிலேயே அவள் மறைந்துபோகின்றாள். ஆயினும் அவ்வொரு வினா மொன்ராக்கின் கையிலுள்ள நெருப்பை அணைத்துவிடுகின்றது. வினாவுக்கு விடை கூறுவதே கல்வி என்று கருதும் எம்மவர்க்கு, வினாவுதலும் கல்வியே என்று இவள் உணர்த்துகின்றாள்.

யாழ்ப்பாணத்தில் வாழும் ஒருவன் இந்நூலைப் பிறநாட்டார் படிக்குமாறு படித்தல் இயலாது. யான் வாழும் குருநகரிலிருந்து பொது நூலகம் துவிச்சக்கர வண்டியிற் சில நிமிடத் தொலைவு. 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. நூலகம் எரிதலைக் கண்ட பன்மொழி வல்லார் தாவீது அடிகளார் அவ்வதிர்ச்சியினால் உயிர் நீத்தார். பிராட்பரி 1953இற் கற்பனையாக எழுதியது இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் எம் வாயிலிலே நிகழ்ந்தது.

எனினும் அந்நவீனத்தின் முடிவு நெருப்பன்று. நகருக்கு வெளியே, ஆளுக்கொரு நூலை மனத்திலே எழுதி வைத்துக்கொண்டு சிலர் திரிகின்றனர். நூல் எரிந்தபின்னும் அதனைச் சொல்ல ஒரு வாய் இருக்கின்றது. மனனஞ் செய்தலைப் பழமையென்று எள்ளுவோர் இவ்விடத்தைக் கருதுதல் வேண்டும். கறையான் வாயினின்றும் கலித்தொகை ஏடுகளை மீட்டு 1887இற் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிலே சேமித்துவரும் நூலகம் திட்டத்தின் இளைஞரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. எரிந்த கட்டடமும் மீள எழுந்து இன்று வாசகர்க்குத் திறந்திருக்கின்றது. எம் மாணவர் அதன் வெண்சுவரைப் படமெடுத்துக்கொள்வதோடு அமையாது, உள்ளே சென்று ஒரு நூலையேனும் எடுத்து வாசித்தல் கடன்.

நான்காவதாகத் தமிழ்ப் பாத்திரங்கள் இரண்டைக் கூறுவேன். சுஜாதா எனப்படும் எஸ். ரங்கராஜன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ என்னும் நவீனமும், அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’வும் தமிழிலே தோன்றிய கேட்டுலகக் கதைகளுள் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டவை. இவை இளையோர் நவீனம் என்னும் பெயர்ப்பலகையோடு வெளிவரவில்லை. ஆயினும் தமிழிளைஞர் இரு தலைமுறையினர் அவற்றை விரும்பிப் படித்தனர். ஆசிரியர்க்கு அன்று எதிர்காலமாயிருந்த இருபத்தோராம் நூற்றாண்டின் முற்பகுதி அக்கதையின் காலம். நாம் இன்று வாழ்வதும் அக்காலத்திலேயே. ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியிலே பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்களும் இரண்டெழுத்துக்கு மிகாமற் சுருக்கப்பட்டன.

நிலா அவ்வாட்சியிற் கேள்வி கேளாது வாழ்ந்த ஓர் இளம் மனைவி. அவளுடைய கணவன் சிபி ஒரு நாள் காணாமற் போகின்றான். அவனைத் தேடிச் சென்றவளுக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு சுவராகின்றது. காணாமற் போனவரின் படத்தைக் கையிலேந்தி வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மாரை வடக்கிலே நாம் காண்கின்றோம். எங்கே என்னும் ஒற்றை வினாவை விடாது கேட்டலே ஒருத்தியை எத்துணை வலியவளாக்கும் என்பதை அவர்களும் நிலாவும் ஒருங்கே காட்டுகின்றனர். அனுமதிச் சீட்டில்லாமற் கடலிறங்கவும் முடியாதிருந்த போர்க்காலத்தைக் குருநகர்க் கடற்றொழிலாளர் மறந்திலர். ஆகலின் அனுமதியால் ஆளப்படும் அந்நாடும் அவர்க்குப் புதிதன்று.

நிலாவின் துணை ஜீனோ என்னும் பொறிநாய். ஏவியதைச் செய்வதற்கென ஆக்கப்பட்ட இவ்வியந்திரம் வாசிக்கின்றது, சிந்திக்கின்றது, நகையாடுகின்றது. நாளடைவில் மனிதரினும் மனிதத்தன்மை எய்துகின்றது. கதையின் திருப்பம் வியக்கத்தக்கது. அனைவரும் அஞ்சிய ஜீவா உண்மை மனிதனே அல்லன், ஒளியால் ஆக்கிய தோற்றம் மட்டுமே. அப்பொய்யை வெளிப்படுத்திய ரவியும் மனோவும் மக்களை விடுவித்தாரல்லர். நிலாவை அரியணையில் இருத்தி, அவள் பெயராலே தாம் ஆளத் தொடங்குகின்றனர். கற்னிஸ் கதையின் முடிவுக்கு இருபதாண்டு முன்னதாகவே, விடுதலை கூறுவோர் யாவரும் விடுதலை தருவோர் அல்லர் என்று சுஜாதா தமிழில் எழுதிவிட்டார். இயந்திரங்கள் எழுதவும் பேசவும் தொடங்கியுள்ள இந்நாளில், ஜீனோவை மீண்டும் படிப்போர்க்கு மற்றொரு வினாவும் எழும். இயந்திரம் சிந்திக்கின்றதா என்பதன்று அவ்வினா. மனிதன் சிந்திப்பதை நிறுத்திவிட்டானா என்பதே.

இப்பாத்திரங்களிடையே பொதுவாகக் காணப்படும் பண்பு யாது? உலகைத் திருத்தவேண்டும் என்று இவர்களுள் எவரும் தொடங்கவில்லை. பிரகலாதனுக்கு ஒரு பெயர், ஜோனாஸுக்கு ஒரு குழந்தை, கற்னிஸுக்கு ஒரு தங்கை, கிளரிஸுக்கு ஒரு வினா, நிலாவுக்கு ஒரு கணவன். கைவிட முடியாத ஒன்றைக் கைவிடாமையே இவர்களின் வீரம். பெருங் கொள்கைகளைச் சொல்லி இளைஞரை அழைத்தவர் பலரைக் கண்ட நாடு இது. சிறிய ஒன்றினிடத்து வைத்த அன்பு, பெரிய சொற்களினும் நம்பத்தக்கது என்று இக்கதைகள் கூறுகின்றன.

குறைகளும் உள. மேலைநாட்டு நவீனங்களிலே தலைமகன் பெரும்பாலும் தனியன். பெற்றோர் அறிவிலிகளாகவோ, இறந்தவராகவோ உள்ளனர். பாட்டியும் மாமனும் அயலாரும் இல்லை. எம்மவர் இடப்பெயர்வுகளிலே உயிர் தப்பியது ஒரு வீரனால் அன்று. உறவினர் வீட்டுத் திண்ணையாலும், பாடசாலை மண்டபத்தாலும், பகிர்ந்துண்ட கஞ்சியாலுமே. அத்தகைய கூட்டு வாழ்வைக் கூறும் கேட்டுலக நவீனம் இனித் தமிழில் எழுதப்படல் வேண்டும். அதனை எழுதவல்லவர் இம்மலரைப் படிக்கும் மாணவருள்ளும் இருத்தல் கூடும்.

இளம் பிள்ளைகளுக்கு இத்துணை இருண்ட கதைகள் வேண்டுமா, போதும் நாம் பட்டது என்பர் சிலர். அக்கூற்றிலே அன்பு உண்டு. ஆதலின் அதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிலே படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. இன்று என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளோ 2009இன் பின்னர்ப் பிறந்தவர்கள். அவர்களுக்குப் போர் என்பது பெரியோர் பேச்சை இடையில் நிறுத்திக்கொள்ளும் ஒரு மௌனம். அம்மௌனத்தை அவர்கள் நன்கு அறிவர். அதன் உள்ளிருப்பதையே அறியார். நோவைத் தவிர்க்கும்பொருட்டு நினைவையும் தவிர்த்த ஊர் எவ்வாறாயிற்று என்பதை ஜோனாஸின் கதை காட்டுகின்றது: அங்கே கொலைக்கும் பெயரில்லாமற் போயிற்று.

ஆனால் நினைவைக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. தருபவராகிய முதியவர் முதலிற் பனியையும் வெயிலையும் கொடுத்தார். போரை ஈற்றிலே கொடுத்தார். கொடுத்தபின் பிள்ளையைத் தனியே விட்டுவிடவில்லை. ஊரார்மீது நினைவுகள் திரும்ப வந்து வீழும்போது அவற்றைத் தாங்க அவர்களுக்குத் துணையாக அவர் ஊரிலேயே தங்கினார். எம் பிள்ளைகளுக்கும் கடலும் கோவிலும் கூத்தும் நூலகமும் முதலிற் கிடைக்கட்டும். இழப்பின் கதை அவற்றின் பின்னர், அவர்கள் தாங்கும் அளவிலே, எவரையும் வெறுக்கக் கற்பியாத சொற்களிலே வரட்டும். நேரே சொல்ல நாவெழாதவற்றை ஒரு ஜோனாஸைக் கொண்டு, ஒரு நிலாவைக் கொண்டு பேசத் தொடங்கலாம். கற்பனை நாட்டுப் பிள்ளையைப் பற்றி வினவுகின்ற மாணவன், சிறிது நேரத்தில் தன் பாட்டனைப் பற்றி வினவுவான்.

அவ்வாறு அவன் வினவும்போது, கம்பர் காட்டிய ஆசானைப் போல அஞ்சி நடுங்காதிருத்தல் எம் கடமையாகும்.